தாழம்பூவுக்கும் ஓர் இலை

முத்துமாலைபுரத்துக்குக் கதவை அடைத்தது தன் கணவன்தான் என்பது, அவனுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது ஆவுடையம்மாளுக்குத் தெரியவந்தது.

"நேத்து கமிட்டில ஓட்டுப் போட்டாங்க. காலைல எந்திரிச்சதும் அடைச்சுட்டேன்," என்றான் பிரமநாயகம். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டான்.

"அடைச்சுட்டீங்களா? எங்க அண்ணன் அங்கல்லா இருக்கான்!"

"ஒங்க அண்ணன் மட்டுமா இருக்கான்? ஒரு ஊரே இருக்கு."

பெரிய கம்பெனிகளின் வலைதளங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துப்போன பிறகு, ஊருக்கு ஊர் சொந்தமாக ஒரு வலைதளம் நடத்துவது வழக்கமாகியிருந்தது. அதற்குச் சாவடி என்று பெயர். கைரேகை வைத்து ஆளுக்கு ஒரு கணக்கு. தண்ணீர் திறக்கும் நேரம், பள்ளிக்கூட அறிவிப்பு, டாக்டர் டோக்கன், கல்யாணம், சாவு, வம்பு எல்லாம் அங்கேதான். ஒரு சாவடியில் எழுதினால் அதோடு இணைந்திருக்கும் மற்ற ஊர்ச் சாவடிகளிலும் படிக்கலாம். கதவு என்ற அந்த இணைப்பைத் திறப்பதும் அடைப்பதும் அட்மின் கையில் இருந்தது. பகலில் சூரியப் பலகைகளைப் பழுதுபார்க்கும் பிரமநாயகம், மற்ற நேரத்தில் கல்லடியூரின் சம்பளமில்லாத அட்மின்.

சண்டை ஒரு ரயில் நிலையத்தைப் பற்றியது. புதிதாக வரும் அதிவேக ரயில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கல்லடியூர், அந்தப் பக்கம் முத்துமாலைபுரம். நிலையத்துக்கு இரண்டு ஊர்ப் பேரையும் சேர்த்து வைக்கலாம் என்றார்கள். எந்தப் பேர் முதலில் என்பதில் ஆரம்பித்தது, ஒரு மாதத்தில் கொள்வினை கொடுப்பினை வரைக்கும் போய்விட்டது. முத்துமாலைபுரம் எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காத ஊர் என்று இங்கிருந்து ஒருவர் எழுத, கல்லடியூரில் பஸ் நின்றாலும் இறங்க ஆளில்லை என்று அங்கிருந்து ஒருவர் எழுத, கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார் கொதித்துப்போனார்.

"அண்ணன்கிட்ட பேசணும்னா போன் பண்ணிப் பேசு," என்றான் நாயகம்.

"போன்ல என்னத்தப் பேச? நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சுரட்டா. அவ்வளவுதான். சாவடில எங்க மைனி பிள்ளைகளத் திட்டி எழுதுவா, எங்கூடப் படிச்சவளுவ எல்லாம் வந்து சிரிப்பாளுவ, நான் ஒரு ஓரமா இருந்து கேட்டுக்கிட்டிருப்பேன். அது போன்ல வருமா?"

நாயகம் தன் அம்மாவின் பக்கம் பார்த்தான். ஆவுடையின் மாமியார் சங்கரவடிவு, தாலுகா ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டிலும் உத்தரவு போடுவதுபோலத்தான் பேசுவாள். கணவர் இறந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

"ஊர் முடிவு," என்றாள் சங்கரவடிவு. "ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமாக் கமிட்டிக்குக் கொடுக்கலாம்."

ஆவுடை இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அண்ணன் குற்றாலலிங்கத்துக்குப் போன் செய்தாள். "இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்றான் அவன். "கல்லடியூர் விலாசம் இருக்கவங்கள ஒருத்தரையும் சேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டானுவ. உள்ளூர் ஆளு ரெண்டு பேரு ஜாமீன் நின்னா புதுக் கணக்கு தருவாங்க. நானும் ஒன் மைனியும் நிக்கோம். பேரு மட்டும் வேற வச்சுக்க."

"கைரேக காட்டிக்கொடுத்துராதா?"

"இந்தச் சாவடி ரேக அந்தச் சாவடிக்குப் போகாதுளா. கல்யாணத்தப்பவே ஒன் பழைய கணக்க அழிச்சாச்சு. புதுசா வையி."

ஆவுடைக்குப் பல கணக்குகள் வைத்துக்கொள்வது ஒன்றும் புதிதல்ல. பிசியோதெரபி செய்கிறவர்களின் சாவடியில் ஒன்று, கல்லூரித் தோழிகளுடையதில் ஒன்று, ரோஜாச் செடி வளர்ப்பவர்களின் சாவடியில் ஒன்று. ஒரு இடத்தில் பேசுவது இன்னொரு இடத்தில் எடுபடாது; எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் சண்டைக்கார ஊரில், பொய்ப் பேரில், அட்மினின் மனைவி என்பது வேறு விஷயம். கட்டை விரலை வைத்தாள். தாழம்பூ என்று பேர் கொடுத்தாள்.

முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை. மைனி பிள்ளைகளைத் திட்டுவதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் பேசாமல் இருப்பவர்கள்மேல் அங்கே சந்தேகம் வரத் தொடங்கியது. 'யாரு இந்தத் தாழம்பூ? உளவாளியா?' என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஆவுடை பயந்துபோய், கையில் வந்ததை எழுதினாள்.

'கல்லடியூர்க்காரங்க பேரையே ஸ்டேஷனுக்கு முதல்ல போட்டுருவோம். ஆனா ரயில் அங்க நிக்கணும்னு மட்டும் அவுக கேக்கப்படாது.'

ஊரே சிரித்தது. அவளுக்கும் அது பிடித்துப்போனது. கல்லடியூரில் அவள் அட்மின் வீட்டு மருமகள்; தன் பிசியோதெரபி கிளினிக்கின் நேரத்தைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. இங்கே அவளுக்கு வாய் இருந்தது. இரண்டாம் வாரம் இப்படி எழுதினாள்: 'கல்லடியூர் அட்மின் பெரிய கதவெல்லாம் அடைக்காராம். வீட்டு பீரோக் கதவ அடைக்க மட்டும் இன்னும் படிக்கலையாம்.'

அதற்குக் கீழே கொடுக்காப்புளி என்ற பேரில் ஒரு பதில் வந்தது. 'பீரோவுக்குள்ள வேட்டி மட்டும்தாம்ட்டி இருக்கு. மூளைய எங்க வச்சாருன்னு அவருக்கே ஞாபகம் இல்ல.'

ஆவுடை கிளினிக்கில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்று சாயங்காலம் யாரோ அதைப் படம் பிடித்து நாயகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் சாப்பிடாமல் எழுந்து போய் பீரோவை அடைத்துவிட்டு வந்தான். "எவளோ ஒருத்தி," என்றான். "ஆனா நல்லா எழுதுதா." சங்கரவடிவு மோரை ஊற்றிக்கொண்டு, "பொது ஊழியம்னா விமர்சனம் வரத்தான் செய்யும்," என்றாள்.

கொடுக்காப்புளியும் தாழம்பூவும் சிநேகிதிகள் ஆனார்கள். பொதுவில் பேசியது போதாமல் தனியாகவும் பேசிக்கொண்டார்கள். கொடுக்காப்புளிக்கு வயதாகியிருக்கும் என்று ஆவுடை ஊகித்தாள். ஆனால் அவள் சொல்லும் கதைகளைச் சின்னப் பிள்ளைகள் கேட்கக் கூடாது. குறுக்கெழுத்துப் புதிரில் பின்பக்கத்து விடையைப் பார்த்து நிரப்பிவிட்டுப் பெருமை அடிப்பாள். பாட்டுப் பாடி அனுப்புவாள். சுருதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும். குரலை மறைக்க அங்கே எல்லாரும் பயன்படுத்தும் மாற்றுக் குரலில் அது இன்னும் மோசமாக இருக்கும்.

'நீங்க எதுக்கு இங்க வந்து இப்படி மல்லுக்கட்டுதீங்க?' என்று ஒருநாள் ஆவுடை கேட்டாள்.

'எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் தினமும் சண்டை போடுவோம். காப்பில சீனி கம்மின்னு ஆரம்பிச்சா பொழுது போறது தெரியாது. அவரு போனப்புறம் வீட்டுல எல்லாரும் மரியாதையா இருக்காங்க. மரியாதை தின்னு தின்னு வாயி கசந்துபோச்சு. அதான்.'

ஆவுடை தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். 'எங்க வீட்டுலயும் மாமியார் இருக்காங்க. நல்லவங்கதான். ஆனா பேசுனா ஆர்டர் போட்டமாதிரி இருக்கும். எனக்கு அவங்க முன்னால போயி நிக்கவே பயம்.'

கொடுக்காப்புளியிடமிருந்து பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. 'பயந்து என்னத்துக்கு ஆவுது? போயி வம்பு பண்ணு. பொரியல்ல உப்பு இல்லன்னு சொல்லு. கடிச்சுத் திங்கவா போறா?'

மறுநாள் சங்கரவடிவு செய்த வாழைக்காய்ப் பொரியலை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, "உப்பு கம்மி, அத்தை," என்றாள் ஆவுடை.

நாயகம் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். சங்கரவடிவு அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியை எடுத்து அவள் பக்கம் தள்ளிவைத்தாள். 'ஒண்ணும் நடக்கல' என்று ஆவுடை அன்று கொடுக்காப்புளிக்கு எழுதினாள். 'நடக்கும்ட்டி, பொறு' என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் இப்படியே போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் நாயகம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"தலைவரு நடைமானி வாங்கிட்டாரு," என்றான்.

"அது என்னது?" என்றாள் ஆவுடை.

"ஆளக் கண்டுபிடிக்கிற மென்பொருள். ஒவ்வொருத்தரு எழுத்துலயும் ஒரு நடை இருக்கும். எங்க நிறுத்துவாங்க, எந்தச் சொல்ல இழுப்பாங்க, எந்த எழுத்த எப்பவும் தப்பாப் போடுவாங்க. பேர மாத்திக்கலாம், நடைய மாத்த முடியாது. ரெண்டு ஊரு எழுத்தையும் அதுக்குள்ள விட்டா, இந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் ஒரே ஆளுன்னு காட்டிக்கொடுத்துரும்."

"காட்டிக்கொடுத்து?"

"முத்துமாலைபுரத்துல கணக்கு வச்சிருக்கவன் பேர ஊருக்குச் சொல்லணுமாம். ஒரு வருஷம் சாவடிய விட்டு நீக்கம். தலைவரு ஒத்தக் கால்ல நிக்காரு."

ஆவுடை சோற்றைப் பிசைந்தபடியே கணக்குப் போட்டாள். சாவடியை விட்டு நீக்கினால் டாக்டர் டோக்கன் கிடையாது. கீழத்தெருவில் அவள் நடத்தும் கிளினிக்குக்கு ஆட்கள் பதிவு செய்வதும் சாவடியில்தான். அதைவிட, அட்மின் வீட்டிலேயே இரட்டை ஆள் என்று நாயகத்தை ஊர் சிரிக்கும். மாமியாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

சங்கரவடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊருல பாதிப் பேரு வம்புக்காகத்தான் எழுதுதான். அதுல நடைய எங்க போயித் தேடுவாராம் ஒங்க தலைவரு? முதல்ல அவரு எழுதுற அறிவிப்புல ஒற்றுப்பிழையத் திருத்தட்டும்."

அன்றிலிருந்து தாழம்பூ தன் நடையை மாற்றிப் பார்த்தாள். சிரிப்பு இல்லாமல், புள்ளி வைத்து, பாடப் புத்தகம்போல எழுதினாள். 'என்னட்டி ஆச்சு, காய்ச்சலா?' என்று கேட்டாள் கொடுக்காப்புளி. 'தந்தி ஆபீசு தாத்தா மாதிரி பேசுத?'

'நான் கணக்க மூடிறலாம்னு இருக்கேன்,' என்று எழுதினாள் ஆவுடை. காரணம் சொல்லவில்லை.

'மூடாத. நீ போயிட்டா நான் யாருகூடச் சண்டை போட?'

அதற்குமேல் ஆவுடையால் மூட முடியவில்லை. நல்லவேளையாக நடைமானியும் ஓடவில்லை. தலைவர் கேட்கும்போதெல்லாம் நாயகம் ஏதாவது சொன்னான். சர்வர் சூடாகிறது என்றான். மின்சாரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்றான். அடுத்த வாரம் என்றான்.

அந்த அடுத்த வாரத்தில்தான் வெள்ளம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கீழத்தெரு கிளினிக்கில் ரோசம்மா டீச்சர் மட்டும் இருந்தார். இடுப்பு அறுவை முடிந்து காலைப் பழக்கும் இயந்திரத்தில் படுத்திருந்தார். இயந்திரம் தன்பாட்டுக்கு அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. ஆவுடை மணிக்கட்டில் கட்டிய கைப்பட்டைத் திரையில் தாழம்பூவாக வாசித்துக்கொண்டிருந்தாள். கணக்கு மாறி எழுதித் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காக, தாழம்பூவாக இருக்கும் நேரத்தில் ஆவுடைக்கு வரும் அழைப்புகளை அவள் நிறுத்திவைத்துவிடுவாள்.

முத்துமாலைபுரம் சாவடியில் திடீரென்று சிவப்புக் கட்டத்தில் ஓர் அறிவிப்பு ஓடியது. மேலே தடுப்பணையில் இரண்டு மதகுகள் தானாகத் திறந்துகொண்டன. தண்ணீர் பாலத்தை நோக்கி வருகிறது. ஆற்றோரம் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போகவும்.

ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் கருவி முத்துமாலைபுரத்துக் கரையில் இருந்தது. அதன் எச்சரிக்கை முன்பெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்கும் போகும். கதவு அடைத்த அன்று அதுவும் சேர்ந்து அடைபட்டிருந்தது. ரயில் நிலையத்தின் பேரைப் பற்றி அத்தனை பேசியவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கல்லடியூரில் ஆற்றுக்கு ஒட்டினாற்போல இருந்த ஒரே தெரு கீழத்தெரு.

ஆவுடை எழுந்து நிற்பதற்குள் கொடுக்காப்புளியிடமிருந்து தனிச் செய்தி வந்தது. வம்பு இல்லை, சிரிப்பு இல்லை.

'தாழம்பூ, ஒரு உதவி. நான் முத்துமாலைபுரம் இல்ல. கல்லடியூர்க்காரி. என் மருமக கீழத்தெருல கிளினிக் வச்சிருக்கா. பேரு ஆவுடை. போன எடுக்க மாட்டேங்கா. எனக்கு அவ்வளவு தூரம் ஓட முடியாது. எப்படியாவது அவகிட்ட சொல்லு. உடனே கிளம்பச் சொல்லு தாயி.'

அந்தப் பாட்டும், கெட்ட கதைகளும், காப்பியில் குறைந்த சீனியும் ஆவுடையின் கண்முன் வரிசையாக வந்து, மோர் ஊற்றிச் சாப்பிடும் அத்தையின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ள முயன்றன. ஒட்டவும் செய்தன. யோசிக்க நேரமில்லை.

'சொல்லிட்டேன். ஒங்க மருமக கிளம்பிட்டா,' என்று எழுதிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"டீச்சர், எந்திரிங்க. ஆத்துல தண்ணி வருது."

"முடிஞ்சதும் ஒரு மணி அடிக்கும்லா? இன்னும் அடிக்கலியே," என்றார் ரோசம்மா.

"மணி அடிக்க மிஷின் இருக்காது டீச்சர். தோளப் பிடிங்க."

அவரை அணைத்துத் தூக்கி வாசலில் நின்ற ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோவை அனுப்பிவிட்டு, ஆவுடை கணக்குக்கு மாறி, கல்லடியூர்ச் சாவடியைத் திறந்தாள். தெருவில் இன்னும் முப்பது வீடு இருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதெல்லாம் அப்போது பெரிதாகப் படவில்லை. 'கீழத்தெருக்காரங்க எல்லாரும் உடனே மேட்டுக்குப் போங்க, தண்ணி வருது' என்று அடித்து அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். அவளுடையது முதலாவது இல்லை. அவளுக்கு முன்னாலேயே திரை நிரம்பிக் கிடந்தது.

'ஆத்துப் பக்கம் போகாதீங்க, என் மச்சான் சொன்னான்' என்று ஒருவர். 'கனவுல தண்ணி வந்துச்சு, எதுக்கும் மேட்டுக்குப் போயிருங்க' என்று பால்காரர். 'எங்க வீட்டு நாய் ஒரு மாதிரி குலைக்குது, வெள்ளம் வரும்போல' என்று ஒரு கல்லூரிப் பெண். பாங்கு மேனேஜர், ஜோசியர், ரேஷன் கடைக்காரர், பிள்ளையார் கோயில் குருக்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள், செய்தி ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தது கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார் எழுதியது. 'மதகு இரண்டு திறந்துவிட்டதாக ஒரு உள்ளுணர்வு தோன்றுகிறது.'

அடுத்த நொடி ஊர்ச் சங்கு ஊதியது. திரையின் உச்சியில் அட்மினின் வரி தெரிந்தது: 'முத்துமாலைபுரத்துக்குக் கதவு திறக்கப்பட்டது. கமிட்டியைக் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்கிறேன்.'

தண்ணீர் கீழத்தெருவுக்குள் முழங்கால் உயரம் வந்தது. வீடுகள் எல்லாம் காலியாக இருந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் லிங்கமும் இன்னும் சிலரும் டிராக்டர் எடுத்துக்கொண்டு வந்து, மாடுகளையும் ஒரு கட்டிலோடு சேர்த்து ஒரு பெரியவரையும் தூக்கி மேட்டில் வைத்தார்கள். ஆவுடையின் கிளினிக்கில் மெத்தையும் இயந்திரமும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

புடவை முழங்கால்வரை நனைந்து அவள் வீட்டுக்கு வந்தபோது சங்கரவடிவு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன், அத்தை."

"காலக் கழுவிட்டு வா. காப்பி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் காப்பியில் சீனி அளவுக்கு அதிகமாக இருந்தது. ஆவுடை கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நான்தான் தாழம்பூ என்பது வாய்வரை வந்தது. சொன்னால் அந்த அம்மாளுக்கு வெட்கமாக இருக்குமே என்று நினைத்து விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் நாயகம், கீழத்தெருவிலிருந்து எடுத்து வந்த சேறான சூரியப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆவுடை போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும். நான்தான்..."

"தாழம்பூ," என்றான் அவன். "தெரியும்."

"எப்படி?"

"நடைமானி வந்த அன்னிக்கே ஓட்டிப் பாத்துட்டேன். வேல செய்யுதான்னு பாக்க முதல்ல நம்ம வீட்டு எழுத்தத்தான் விட்டேன். ஒன்னயும் காட்டுச்சு, எங்க அம்மாவையும் காட்டுச்சு. அப்புறம் தெருவ விட்டேன். ஊர விட்டேன். ஆவுட, இந்த ஊர்ல ஒத்தக் கணக்கு வச்சிருக்கவன் யாருன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். ஒருத்தன் அங்க கவிதை எழுதுதான். ஒருத்தரு, மக ஓடிப்போயிக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு இங்க தல முழுகுனவரு, அங்க வேற பேருல அவ போடுற பிள்ள போட்டோவுக்கெல்லாம் பூ அனுப்புதாரு. இத நான் எப்படி ஊருக்குச் சொல்ல? யாருகிட்ட சொன்னாலும் ஒரு குடும்பம் போயிரும். தெரியாமலே இருந்திருக்கலாம்னு ஆயிப்போச்சு. மறுநாளே அழிச்சுட்டேன்."

"தலைவர்கிட்ட சர்வர் சூடாகுதுன்னு சொன்னீங்களே?"

"என் தலதான் சூடாச்சு."

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. "அத்தையும் நானும்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"கொஞ்சமாவா சிரிச்சீங்க அங்க?" என்றான் நாயகம். "நானும் அங்க ஒரு கணக்கு வச்சிருக்கேன். ஒங்க ரெண்டு பேரையும் வாசிச்சிட்டு இங்க கீழ வந்து சாப்பிட உக்காருவேன். ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு 'மோர் வேணுமா', 'போதும்'னு பேசுவீங்க. சொல்லிருந்தா அந்தச் சிரிப்பும் நின்னுருக்கும். கதவ அடைச்சவன் நானு. அதையாவது அடைக்காம இருக்கலாம்னு பாத்தேன்."

கமிட்டி கூடியது. உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தலைவர் நடைமானியைப் பற்றிப் பேசவே இல்லை. உள்ளுணர்வைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். கதவு திறந்தே இருக்கட்டும் என்று முடிவானது. இரு ஊர்க் கணக்குகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை நாயகம் போட்டுக் கொடுத்தான். ஒருவர்கூட அதைத் தொடவில்லை. ரயில்வேக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு நிலையத்துக்கு 'ஆற்றுப்பாலம்' என்று பேர் வைத்தார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து அவர்களைத் திட்டின.

பத்து நாள் கழித்துத் தாழம்பூவுக்குச் செய்தி வந்தது. 'என் மருமகளக் காப்பாத்திக் கொடுத்தவ நீ. இந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒனக்குச் சாப்பாடு. தட்டக் கூடாது. சொதி வைக்கச் சொல்லியிருக்கேன்.'

அன்று சாயங்காலமே சங்கரவடிவு அடுப்படிக்கு வந்து, "ஞாயித்துக்கிழமை ஒரு விருந்தாளி வருது. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். நல்லாச் செய்யி," என்று உத்தரவு போட்டாள்.

"யாரு அத்தை?"

"வந்தப்புறம் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை ஆவுடை விடிந்ததிலிருந்து சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தாள். தனக்கே விருந்து சமைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பும் பயமும் மாறி மாறி வந்தன. நாயகம் இரண்டு முறை அடுப்படிக்கு வந்து, சிரித்துவிட்டுப் போனான். மூன்றாம் முறை வந்து, "நான் மாடில இருக்கேன். கூப்பிட்டாத்தான் வருவேன்," என்றான்.

எல்லாம் முடிந்ததும் அவள் குளித்து, அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சந்துக்குள் இறங்கினாள். சுற்றிவந்து முன்வாசலில் நின்றாள். எதிர்வீட்டு அம்மாள், "என்ன ஆவுட, வெளிய போயிட்டு வாரியா?" என்று கேட்டாள். "இல்லக்கா, விருந்துக்கு வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு அழைப்பு மணியை அமுக்கினாள்.

சங்கரவடிவு கதவைத் திறந்தாள். அவளும் நல்ல புடவை கட்டியிருந்தாள். ஆவுடையின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. திகைக்கவும் இல்லை.

"எவ்வளவு நேரம்ட்டி காக்க வைப்ப? உள்ள வா, தாழம்பூ."

நடுக்கூடத்தில் இரண்டு இலை எதிரெதிராகப் போட்டிருந்தது. உட்கார்ந்ததும் ஆவுடை கேட்டாள்.

"எப்பத் தெரியும், அத்தை?"

"உப்பு கம்மின்னு நடுங்கிக்கிட்டே சொன்ன பாரு, அன்னிக்குச் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் கவனிச்சுக்கிட்டே இருந்தேன். வெள்ளத்தன்னிக்கு ஆவுடைக்குப் போன் போட்டேன், எடுக்கல. தாழம்பூவுக்கு எழுதுனா பாப்பான்னு தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

சங்கரவடிவு அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தாள். "சொல்லியிருந்தா நீ உடனே மருமகளா மாறியிருப்ப. மருமக ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. எனக்குச் சினேகிதிதான் இல்லாம இருந்துச்சு."

ஆவுடை குனிந்து சோற்றைப் பிசைந்தாள். கண் கலங்கியதை மறைக்க வேறு வழி தெரியவில்லை. ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு நிமிர்ந்து, முத்துமாலைபுரத்துக் குரலில் கேட்டாள்.

"ஆமா, இந்தச் சொதிய வச்சது யாரு? தேங்காப்பால் திரிஞ்ச மாதிரி இருக்கு. ஒங்க மருமகளுக்குச் சமையலே வராதோ?"

"ஏட்டி!" என்றாள் சங்கரவடிவு. கரண்டியைத் தூக்கி நீட்டினாள். "என் வீட்டுல உக்காந்து, என் மருமகளக் குத்தம் சொன்னா இலையத் தூக்கிருவேன். அவ கைப்பக்குவம் ஒனக்கு வருமாட்டி?"

சண்டைச் சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. தன்னை யாரும் கூப்பிடவில்லை என்றாலும், நாயகம் ஒரு இலையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தான்.